ஊட்டியில் கோடிக்கணக்கில் வேலை நடக்குது, மழைத் தண்ணி போக வழி எங்கே?

வாசகர் கேள்வி, 11 ஏப்ரல் 2025

போன வாரம் குடும்பத்தோட ஊட்டி போயிருந்தேன். எங்க பார்த்தாலும் வேலை நடக்குது. நடைபாதை, பூங்கா, மார்க்கெட், புது விளக்கு. ஆனா பேசின உள்ளூர்க்காரங்க எல்லாரும் சலிச்சுக்கறாங்க. அரசாங்கம் பணம் போடலைன்னாலும் திட்டறீங்க, போட்டாலும் திட்டறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?

12 ஏப்ரல் 2025

மழைத் தண்ணி போக ஒரு வழி வேணும். கழிவுத் தண்ணி போக தனியா இன்னொரு வழி வேணும். இந்த ரெண்டும் முடிஞ்சதுக்கப்புறம் டைல்ஸ் ஒட்டுங்க, விளக்கு நடுங்க, வளைவு கட்டுங்க. நாங்களும் கைதட்டுவோம்.

நான் ஊட்டிக்காரன். ரொம்ப வருஷம் ஒரு சிவில் கான்ட்ராக்டர்கிட்ட சைட் சூப்பர்வைசரா இருந்துட்டு இப்போ ஹார்டுவேர் கடை வெச்சிருக்கேன். எஸ்டிமேட் எப்படித் தயாராகுது, எம்-புக்ல (செஞ்ச வேலையை அளந்து எழுதற அளவுப் புத்தகம்) என்ன ஏறுது, மார்ச் கடைசி வாரத்துல பில்லுக்காக எப்படி அலையறாங்கன்னு பக்கத்துலயே இருந்து பார்த்திருக்கேன். பணம் செலவாகுதேன்னு எனக்கு வருத்தம் கிடையாது. எதை முதல்ல செய்யணுமோ அதைக் கடைசிக்குத் தள்ளி, கடைசியில பணம் பத்தலைன்னு அதை விட்டுடறாங்க. அதுக்குத்தான் கோபம்.

மலை ஊர்ல ஒருத்தர் வீட்டுக் கூரைத் தண்ணி அடுத்தவர் வீட்டுச் சுவர்ல போய்த்தான் முட்டும். நடுவுல ஒரு நடைபாதையை ஒரு அடி உசத்திக் கட்டிட்டா தண்ணி போற திசையே மாறிடும். கோயமுத்தூர்ல இப்படிச் செஞ்சா தெருவுல முழங்கால் அளவு நிக்கும், ரெண்டு நாள்ல வடிஞ்சிடும். இங்கே அது நிக்காது. மண்ணுக்குள்ள இறங்கும், இறங்கினா மண்ணையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டுப் போயிடும்.

12 ஏப்ரல் 2025, ராத்திரி

ஒரு உதாரணம் கேட்டிருந்தீங்க. ஊட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ரயில்வே பாலத்துக்கு அடியில நல்ல மழைக்கு நின்னு பாருங்க. ஒவ்வொரு வருஷமும் அங்கே தண்ணி தேங்கி வண்டி மாட்டுது, பேப்பர்ல போட்டோ வருது.

காரணம் தெரிஞ்சதுதான். 1820கள்ல கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடையை மறிச்சு ஏரி கட்டினப்போ, இப்போ பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் இருக்கிற இடம் வரைக்கும் ஏரித் தண்ணிதான். அதை மூடித்தான் ஊர் வளர்ந்திருக்கு. சுத்தி இருக்கிற எல்லாச் சரிவும் இன்னைக்கும் அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் சாயுது. அங்கே எந்தத் திட்டம் போட்டாலும், மேலே இருந்து எவ்வளவு தண்ணி எந்த வேகத்துல வரும்னு ஒரு கணக்குப் போட்டாத்தான் வேலைக்கு அர்த்தம்.

19 ஏப்ரல் 2025

இன்டர்லாக் கல் பத்தி எழுதணும்னு இருந்தேன். சேரிங் கிராஸ், கமர்ஷியல் ரோடு மாதிரி ஓரளவு சமமான இடத்துல அந்தக் கல் பரவாயில்லை. எங்க ஏரியா செங்குத்தான சரிவு. மேல இருக்கிற வீடுகளுக்குப் போக கருங்கல் படிக்கட்டு இருந்துச்சு. பழைய காலத்துக் கொத்து வேலை, மேல்பக்கம் சொரசொரன்னு இருக்கும். படிக்கட்டோட ஒரு ஓரமா, ஒரு சாண் அகலத்துக்குக் கல்லுலயே வாய்க்கால் குடைஞ்சிருந்தாங்க. மழை எவ்வளவு பெஞ்சாலும் தண்ணி அந்த வாய்க்கால்ல ஓடும், ஆள் படியில நடப்பாங்க.

மேம்பாடுன்னு சொல்லி அந்தப் படியைப் பேத்துட்டு சாய்தளமா சிமென்ட் போட்டு, மேல வர்ணக் கல் பதிச்சாங்க. எஸ்டிமேட்ல "படிக்கட்டு அகலப்படுத்துதல்"னு இருந்ததால அந்த ஓர வாய்க்காலும் போச்சு. ரெண்டாவது மழைக்காலத்துல கல்லு மேல பாசி ஏறிடுச்சு. எங்க பக்கம் வெயில் படறதே மத்தியானம் கொஞ்ச நேரம்தான். பக்கத்து வீட்டுப் பாட்டி பால் வாங்கிட்டு வரும்போது சறுக்கி மணிக்கட்டு உடைஞ்சு, மாவுக்கட்டோட கிடந்தாங்க. இப்போ மழை வந்தா நாங்களே கேரட் மூட்டைச் சாக்கை விரிச்சு, ரெண்டு பக்கமும் கல் வெச்சு அழுத்தி, அது மேல நடக்கறோம்.

படி கட்டின கொத்தனார் யாருன்னு ஊர்ல யாருக்கும் தெரியாது. ஆனா தண்ணி எங்கே ஓடும், கால் எங்கே வழுக்கும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

20 ஏப்ரல் 2025

சக்கர நாற்காலியில இருக்கிறவங்களும் வயசானவங்களும் படியில எப்படி ஏறுவாங்கன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். சரியான கேள்வி. ராத்திரி பூரா அதையே யோசிச்சுக்கிட்டிருந்தேன். படியே நல்லது, சாய்தளமே தப்புன்னு நான் சொல்ல வரலை. ஆனா எங்க தெருவுல போட்ட சாய்தளம் எவ்வளவு செங்குத்துன்னா, பின்னாடி ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சாலும் நாற்காலி ஏறாது. பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு அடி உயரம்தான் ஏறலாம்ங்கிறது சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு. எங்க சரிவுல நேரா போட்டா அந்தக் கணக்கு வரவே வராது. வளைச்சு வளைச்சு கொண்டு போகணும், இடையில நின்னு மூச்சு வாங்க இடம் விடணும், ரெண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வேணும். கம்பி மட்டும் போட்டிருந்தாக்கூட பாட்டி விழுந்திருக்க மாட்டாங்க.

3 மே 2025

சீசன் ஆரம்பிச்சாச்சு. கடையில பேச்சு முழுக்க இ-பாஸ்தான், அதாவது வெளியூர் வண்டி மலைக்கு வர ஆன்லைன்ல எடுக்க வேண்டிய அனுமதி.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7ல இ-பாஸ் வந்துச்சு. இந்த வருஷம் ஏப்ரல்ல எண்ணிக்கைக்கே கட்டுப்பாடு வந்திருக்கு. நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. எங்க வியாபாரிகள் சங்கத்துல பாதிப் பேர் எதிர்ப்பு. வியாபாரம் படுத்துடும்னு பயம், அந்தப் பயம் நியாயமானதுதான், எனக்கும் கடை இருக்கு. ஆனா 8,000 வண்டி, வண்டிக்கு நாலு பேர்னு வெச்சா 32,000 பேர். 2011 கணக்கெடுப்புல ஊட்டி நகராட்சி மக்கள்தொகையே 88,430. வர்றவங்க எல்லாரும் ஊட்டியிலயே தங்கப் போறதில்லை, மாவட்டம் பூரா பிரிவாங்க, சரி. இருந்தாலும் அவங்க குடிக்கிற தண்ணி எங்கிருந்து வரும், கழிக்கிறது எங்கே போகும்? வண்டிக்கு எண்ணிக்கை போட ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்துச்சு. ஐ.ஐ.டி.யும் ஐ.ஐ.எம்.மும் ஆய்வு பண்ண வேண்டியிருந்துச்சு. கழிப்பறைக்கு யாரும் அப்படி எண்ணிக்கை போடலை.

நான் இ-பாஸ் பக்கம்தான்னு இப்போதைக்கு வெச்சுக்கங்க. நாளைக்கே சங்கத்துல இதைச் சொன்னா சண்டைதான், சொல்லத்தான் போறேன்.

4 மே 2025

கழிப்பறைன்னு சொன்னதும் ஞாபகம் வந்துடுச்சு. ஒரு வியூ பாயின்ட் பக்கத்துல கட்டினது, இடத்தோட பேர் வேண்டாம். வெளியில கருங்கல் மாதிரி டைல்ஸ், சூரிய விளக்கு, ஆண் பெண் படம், எல்லாம் அழகா இருந்துச்சு. செப்டிக் டேங்கை மட்டும் கட்டடத்துக்குப் பின்னாடி, சரிவுல கீழே வெச்சுட்டாங்க. ஈர்ப்பு விசையில போகணும்ல, அதுவரைக்கும் சரி. ஆனா டேங்க் நிறைஞ்சா உறிஞ்சற லாரி ரோட்டுல நின்னுதான் ஹோஸ் விடணும், அந்த ஹோஸ் அங்கே எட்டாது. நிறைஞ்சதும் பூட்டு போட்டாங்க. திறப்பு விழாக் கல்வெட்டு இன்னும் பளபளன்னு இருக்கு.

வரைபடத்தை ஒரு லாரி டிரைவர்கிட்ட ஒரே ஒரு நிமிஷம் காட்டியிருந்தா போதும்.

27 மே 2025

ரெட் அலர்ட் போட்டு ரெண்டு நாள். ஸ்கூல் லீவு சமயம்ங்கிறதால பிள்ளைங்க வீட்லயே இருந்தாங்க, அது ஒரு நிம்மதி. கரண்ட் போய் இப்பதான் வந்துச்சு.

இன்னைக்கு மழை கொஞ்சம் விட்டதும் எங்க ரோட்டுல புதுசா கட்டின தடுப்புச் சுவரைப் பார்க்கப் போனேன். நான் இதுக்கு முன்னாடி எழுதினது எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம்னு நினைக்கறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

தடுப்புச் சுவர்னா மண்ணைத் தாங்கறதுன்னு எல்லாரும் நினைப்பாங்க. உண்மையில அதோட சேர்த்து மண்ணுக்குள்ள ஊறின தண்ணியோட அழுத்தத்தையும் அது தாங்கணும். காஞ்ச மண் அவ்வளவா தள்ளாது. ஊறின மண் கனம் கூடி, பிடிப்பு தளர்ந்து, சுவரை முன்னாடி தள்ளும். அதனால சுவர்ல இடைவெளி விட்டு விட்டு, தண்ணி வடியற ஓட்டை, அதாவது வீப் ஹோல் வைக்கணும். மூணு நாலு அங்குல பி.வி.சி. குழாயை லேசா வெளிப்பக்கம் சாய்ச்சு, சுவரோட முழுத் தடிமனுக்கும் ஊடுருவிப் போற மாதிரி வைக்கணும். அதோட முடியலை. குழாய்க்குப் பின்பக்கம் ஜல்லி, சரளை, மணல்னு வடிகட்டி மாதிரி அடுக்கணும். அந்த அடுக்கு இல்லைன்னா முதல் மழையிலயே களிமண் வந்து குழாயை அடைச்சிடும். சுவருக்கு மேல ஒரு வாய்க்கால், கீழே ஒரு வாய்க்கால். இவ்வளவும் சேர்ந்ததுதான் தடுப்புச் சுவர்.

நான் போய்ப் பார்த்த சுவர்ல ஓட்டை எல்லாம் வரிசையா அழகா இருந்துச்சு. அவ்வளவு மழைக்கு ஒண்ணுலகூடத் தண்ணி வரலை. சுவரோட மேல்விளிம்பு வழியா சேத்துத் தண்ணி வழிஞ்சுக்கிட்டிருந்துச்சு. கூட வந்த எதிர்வீட்டுப் பையன் ஒரு குச்சியை எடுத்து ஓட்டைக்குள்ள விட்டான். ஒரு ஜாண் போனதும் முட்டிடுச்சு. அடுத்ததுலயும் அப்படித்தான். ஒண்ணுல கையை விட்டுப் பார்த்தேன், உள்ளே கெட்டியான கான்கிரீட். ஒரு ஜாண் குழாயை வெட்டி முகப்புல மட்டும் சொருகியிருக்காங்க. வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு வீப் ஹோல். சுவருக்கு உள்ளே ஒண்ணுமே இல்லை.

இதை யாரும் தெரியாம செய்யறதில்லை. நான் வேலை பார்த்த இடத்துலயே ஒரு முறை பின்பக்கச் சரளை ஐட்டத்தை எஸ்டிமேட்ல இருந்து எடுத்தாங்க. மொத்தத் தொகை ஒரு வரம்புக்குள்ள வரணும், முகப்புல கைப்பிடிச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கணும். எதை எடுக்கலாம்னு பேச்சு வந்தப்போ, கண்ணுக்குத் தெரியாததை எடுத்தாங்க. நான் வேண்டாம்னு சொன்னேன். "மேல இருந்து சொல்லிட்டாங்க"ன்னு பேச்சை முடிச்சிட்டாங்க.

சுவருக்கு மேல மூணு வீடு இருக்கு. அதுல ஒண்ணுல போன மாசம்தான் குழந்தை பிறந்திருக்கு. இன்னைக்கு சாயங்காலம் அவங்களைச் சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிட்டோம்.

28 மே 2025

எல்லாரும் விசாரிச்சிருந்தீங்க. சுவர் நிக்குது. வீட்டுக்காரங்க இன்னும் திரும்பலை, நாங்கதான் வர வேண்டாம்னு சொல்லியிருக்கோம். காலையில நாங்க நாலஞ்சு பேர் மண்வெட்டி எடுத்து, சுவருக்கு மேல தண்ணி சேர்ற இடத்துல இருந்து பக்கத்து ஓடைக்கு ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டோம்.

ஒருத்தர், "2019ல ஊட்டியிலயே ஒரே நாள்ல 911 மி.மீ. பெஞ்சப்போ ஒண்ணும் ஆகலையே"ன்னு எழுதியிருக்கார். அந்த 911 மி.மீ. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில பதிவானது, ஊட்டி டவுன்ல இல்லை. அவலாஞ்சியைச் சுத்தி சோலைக்காடும் புல்வெளியும் இருக்கு, பெஞ்சதுல எவ்வளவோ தண்ணியை அது வாங்கி வெச்சுக்கும். அப்படியும் அந்தப் பக்கம் ரோடெல்லாம் அறுந்துச்சு. 2009 நவம்பர் 10 மழையில கேத்தியில 820 மி.மீ. பெஞ்சுது, வீடும் தோட்டமும் நெருக்கமா இருக்கிற பக்கம். அச்சனக்கல் கிராமத்துல நடந்த மண்சரிவு இங்கே எல்லாருக்கும் தெரியும். மாவட்டத்துல அந்த மழைக்கு 43 பேர் போனாங்க. நான் அப்போ குன்னூர்ல ஒரு சைட்ல இருந்தேன், ரோடும் இல்லை ரயிலும் இல்லை, வீட்டுக்கு வர முடியாம அங்கேயே கிடந்தேன்.

அதுக்கப்புறம்தான் மாவட்டத்துல 283 இடம் அபாயப் பகுதின்னு பட்டியலே வந்துச்சு. பட்டியல் நல்ல விஷயம். ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்கிறப்போ அந்தப் பட்டியலைப் பக்கத்துல வெச்சுப் பார்க்கறாங்களாங்கிறதுதான் என் கேள்வி.

15 ஜூன் 2025

கொடைக்கானல்ல இருந்து ஒரு நண்பர் நீளமா எழுதியிருக்கார், படிச்சீங்களா? ஊட்டிக்கு நடந்தது அங்கேயும் அப்படியே நடக்குது. 1863ல மதுரை கலெக்டர் லெவிஞ்ச் கட்டின ஏரி, அதைச் சுத்தி நடைபாதை, அலங்கார விளக்கு. ஏரி நிறைஞ்சு வழியற தண்ணிதான் கீழே வெள்ளி அருவியா விழுது. டூரிஸ்ட் எல்லாரும் அங்கே இறங்கி போட்டோ எடுக்கறாங்க. மேலே ஏரிக்குள்ள என்ன கலக்குதோ அதுதான் அங்கே கொட்டுது. கரையை எவ்வளவு அழகுபடுத்தினாலும் அருவித் தண்ணி மாறாது, ஏரிக்குள்ள வர்ற கழிவை நிறுத்தினாத்தான் மாறும்னு எழுதியிருக்கார். நான் சொல்ல நினைச்சதை என்னை விட நல்லா சொல்லிட்டார்.

எங்க ஏரியும் அதேதான். கோடப்பமந்து கால்வாய் ஊரோட நடுப்பகுதி வழியா வந்து ஏரியில சேருது. கழிவுநீர் கலந்துதான் வருது. ஏரியைத் தூர் வார்றதுக்கு எத்தனையோ முறை பணம் வந்தாச்சு.

ஒரு விஷயத்துல மக்களும் பொறுப்பு. மழை வந்தா மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கிட்டு கழிவுநீர் ரோட்டுல பொங்கறதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பாதாள சாக்கடைக் குழாய் கழிவுநீருக்கு மட்டும்னு கணக்குப் போட்டுப் போடறது. ஆனா நிறைய வீட்லயும் லாட்ஜ்லயும் மொட்டைமாடி மழைத் தண்ணியையும் அதுலயே இணைச்சு விட்டிருக்காங்க. மழைநீருக்குன்னு பக்கத்துல ஒரு வாய்க்கால் இருந்தா அதுல விடுவாங்க, இல்லாததால இதுல விடறாங்க. என் கடைக்கு வந்து அந்த இணைப்புக்கு டீ-ஜாயின்ட் கேக்கறவங்களுக்கு இப்பெல்லாம் நான் கொடுக்கறதில்லை. சண்டை போட்டுட்டு வேற கடைக்குப் போறாங்க.

16 ஜூன் 2025

பஸ் ஸ்டாப் நிழற்குடை பத்தி. ஸ்டீல், கண்ணாடி, உட்கார பெஞ்ச். கூரை மேல்நோக்கி விரிஞ்ச டிசைன், மழைச்சாரல் நேரா உள்ளே வருது. டீக்கடை அண்ணன் சொன்னது: "நம்மூர்ல மழை பெய்ய மேகம் வேணாம் தம்பி, நிழற்குடை ஒண்ணு கட்டிட்டா போதும்." நேத்து பூரா கடையில எல்லாரும் அதையே சொல்லிச் சிரிச்சோம்.

6 ஜூலை 2025

"அப்போ எல்லாமே கெட்டுப் போச்சா, நல்லா செஞ்சதுன்னு ஒண்ணுகூட இல்லையா?"ன்னு முதல்ல கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்து கேட்டிருக்கார். இருக்கு.

மலை ரயில் பாதை. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு 1899ல வந்துச்சு, ஊட்டிக்கு 1908ல. 46 கி.மீ. பாதைக்கு 250 பாலம். எதுக்கு இத்தனை? ஒவ்வொரு ஓடையையும் ஓடையாவே விட்டுட்டு மேல பாலம் போட்டிருக்காங்க. 2009ல அந்தப் பாதையும் பல இடத்துல அடி வாங்குச்சு, மறுக்கலை. ஆனா நூறு வருஷத்துக்கு மேல அது நிக்கறதுக்குக் காரணம், கட்டினவங்க தண்ணியோட வழியை மறிக்கலை.

வெள்ளைக்காரன் காலத்தோட முடிஞ்சுடலை. 1970கள்ல வந்த மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம், ஹெச்.ஏ.டி.பி.ன்னு சொன்னா பெரியவங்களுக்குத் தெரியும். அதுல ஒரு காலத்துல நீர்ப்பிடிப்புப் பகுதியை அலகா வெச்சு வேலை பிரிச்சாங்க. ஒரு ஓடை எங்கே ஆரம்பிக்குதோ அங்கிருந்து கீழே வரைக்கும் ஒரே திட்டம். மேல தடுப்பணை, நடுவுல வரப்பு, கீழே வாய்க்கால். எங்க அப்பா கேரட்டும் உருளையும் போட்ட தோட்டத்துல அப்படி வெட்டின வரப்பு இன்னும் இருக்கு. இப்போ வார்டு வார்டா, டெண்டர் டெண்டரா பிரிக்கறாங்க. ஓடைக்கு வார்டு எல்லை தெரியாது. மேல் வார்டுல ஒரு வாய்க்கால் கட்டி முடிச்சா கீழ் வார்டோட எல்லையில அது சட்டுன்னு நின்னுடுது. அதுக்கப்புறம் தண்ணி யாரோ ஒருத்தர் வீட்டுக் கொல்லைக்குள்ள.

நெடுஞ்சாலை ஓரத்துல சில இடத்துல இப்போ செய்யற சாயில் நெய்லிங்கும் எனக்குப் பிடிச்சிருக்கு. சரிவுல கம்பியை உள்ளே இறக்கி, வலை விரிச்சு, மேல புல் விதை தெளிக்கறாங்க. புல் பிடிச்சதும் சுவர் இருக்கிற மாதிரியே தெரியாது. அதுலயும் தண்ணி வெளியேற வழி வெச்சாத்தான் நிக்கும், ஆனா அணுகுமுறை சரி.

10 ஆகஸ்ட் 2025

ரேஸ் கோர்ஸ் பத்தி ரொம்பப் பேர் கேட்டுட்டீங்க. 2024 ஜூலைல அரசு அந்த 52 ஏக்கரை மெட்ராஸ் ரேஸ் கிளப்கிட்ட இருந்து எடுத்து, தோட்டக்கலைத் துறைக்குக் கொடுத்துச்சு. எடுத்தது சரியா தப்பாங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்லை, சரி. ஊருக்கு நடுவுல அவ்வளவு பெரிய பொது நிலம் திரும்ப வர்றது நாம எதிர்பார்க்காத அதிர்ஷ்டம்.

அங்கே சுற்றுச்சூழல் பூங்கா வரப் போகுதுங்கறாங்க. வரட்டும். என் ஒரே வேண்டுகோள், அது ஏரியோட பழைய படுகை, ஊரோட அடிமட்டம்ங்கிறதை மனசுல வெச்சுக்கிட்டு வரையணும். சதுப்பான இடத்தைச் சதுப்பாவே விடணும். கோடை மழைக்கு ஊர்த் தண்ணி வந்து நிக்க அங்கே இடம் இருந்தா, ரயில்வே பாலத்துக்கு அடியிலயும் லோயர் பஜார்லயும் அவ்வளவு தேங்காது. அங்கே போய் மண் நிரப்பி, கான்கிரீட் நடைபாதையும் பார்க்கிங்கும் போட்டா, அந்தத் தண்ணி மார்க்கெட்டுக்குள்ள போகும். மார்க்கெட்டையும் இப்போ புதுசாத்தான் கட்டிக்கிட்டிருக்கோம். ரெண்டு திட்டத்தோட வரைபடத்தையும் ஒரே மேஜையில விரிச்சு ஒருத்தர் பார்த்திருக்காரான்னு தெரிஞ்சுக்க ஆசைப்படறேன்.

மார்க்கெட் கடைக்காரங்க பாவம். தற்காலிகக் கடைக்கு மாறி, கூட்டம் வராம, வாடகைக் கணக்கு பார்த்துக்கிட்டிருக்காங்க. புதுக் கட்டடத்துல காய்கறி கழுவற தண்ணி எங்கே போகும், மீன் கடைக் கழிவு எங்கே போகும்னு அவங்கள்ல ஒருத்தர் என்கிட்ட கேட்டார். தினம் அதுல நிக்கிறவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். திட்டம் போடற கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டிருக்கணும்.

14 செப்டம்பர் 2025

குன்னூர் அக்கா ஒருத்தங்க எழுதியிருக்காங்க: எமரால்டு அணையில இருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தும் அவங்க தெருவுல தண்ணி எப்போ வரும்னு காத்துக்கிட்டுத்தான் இருக்காங்களாம். பெரிய குழாய் ஊர் எல்லை வரைக்கும் வந்துடுச்சு, ஊருக்குள்ள இருக்கிற பழைய குழாய் அழுத்தம் தாங்காம உடையுதாம். எங்களுக்கும் இது தெரிஞ்ச கதைதான். ஊட்டிக்கு முக்கியமா பார்சன்ஸ் வேலியில இருந்து தண்ணி வரணும், கரண்ட் போனாலோ மோட்டார் ரிப்பேர் ஆனாலோ பம்பிங் நின்னுடும். மார்லிமந்து, டைகர் ஹில் எல்லாம் பக்கத்துலயே இருக்கிற பழைய நீர்த்தேக்கம். அதுகளைத் தூர் வாரி, சுத்தி இருக்கிற காட்டைப் பாதுகாக்கிறது புதுத் திட்டத்தை விடச் செலவு குறைவு. ஆனா அதுக்குத் திறப்பு விழா வைக்க முடியாது.

அக்கா, உங்க தெருவுல எந்த நாள்ல தண்ணி வந்துச்சு, எவ்வளவு நேரம் வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. மூணு மாசத்துக்கு எழுதினா போதும். வாய்ல சொன்னா "பார்க்கறோம்"பாங்க, நோட்டைக் காட்டினா பதில் சொல்லித்தான் ஆகணும்.

26 அக்டோபர் 2025

வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சாச்சு. அந்தச் சுவர் பத்தி. மே மாசத்துல இருந்து மனு மேல மனு கொடுத்தோம். பதில் வரலை. ஆகஸ்ட்ல தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டோம். அதுல இருந்து விஷயம் நகர ஆரம்பிச்சுது.

எப்படிக் கேட்டோம்னு நிறையப் பேர் தனியா கேக்கறீங்க, எல்லாருக்கும் பொதுவா எழுதிடறேன். வெள்ளைப் பேப்பர்ல எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர்னு முகவரி போட்டு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பணும். 30 நாளைக்குள்ள பதில் தரணும், தரலைன்னா மேல்முறையீடு. "ஏன் இப்படிச் செஞ்சீங்க"ன்னு கேக்காதீங்க, அதுக்கு அவங்க பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆவணத்தைக் கேளுங்க. நாங்க கேட்டது: அந்த வேலையோட விரிவான எஸ்டிமேட் நகல், எம்-புக்ல அந்த வேலைக்குரிய பக்கங்களோட நகல், வேலை முடிந்ததற்கான சான்று, ஒப்பந்தக்காரரோட குறைபாடு பொறுப்புக் காலம் எப்போ முடியுதுங்கிற விவரம், அவரோட வைப்புத்தொகை திருப்பிக் கொடுக்கப்பட்டதாங்கிற விவரம்.

கடைசி ரெண்டும்தான் முக்கியம். பொறுப்புக் காலத்துக்குள்ள குறை கண்டுபிடிச்சா ஒப்பந்தக்காரர் அவர் செலவுல சரி செய்யணும். அது முடிஞ்சதுக்கப்புறம் போனா திரும்பவும் பொதுப் பணம்தான். எங்க ஊர்ல கட்டற எல்லாத்துலயும் குறை மழைக்காலத்துலதான் தெரியும். அதனால வேலை முடிஞ்ச முதல் மழைக்கே குடையை எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்து, போட்டோ எடுத்து, தேதியோட எழுத்துல கொடுத்துடணும்.

எம்-புக் நகல்ல பின்பக்கச் சரளை இத்தனை கன மீட்டர்னு ஏறியிருந்துச்சு. அந்தப் பக்கத்தோட நகலையும் நாங்க மே மாசம் எடுத்த போட்டோவையும் சேர்த்து வெச்சு ஒரு மனு. அதுக்குப் பத்தே நாள்ல ஆள் வந்தாங்க.

9 நவம்பர் 2025

சுவர்ல மூணு இடத்துல துளை போட்டு முழு நீளக் குழாய் இறக்கியிருக்காங்க. மேல வாய்க்காலும் கட்டறாங்க, சிமென்ட் பூசாம வெறும் கல் அடுக்கறதுன்னு பேசி ஒத்துக்கிட்டாங்க. நேத்து ராத்திரி மழைக்கு மூணு குழாய்லயும் தண்ணி வந்துச்சு. பின்பக்கச் சரளையை இப்போ போட முடியாது, அதுக்குச் சுவரையே பிரிக்கணும். அதனால ஒவ்வொரு மழைக்கும் முன்னாடி குழாயைக் குத்திச் சுத்தம் பண்ற வேலை எங்க தெருக்காரங்களோடது. மேல் வீட்டுக் குடும்பம் திரும்பி வந்துட்டாங்க.

அடுத்து கோடப்பமந்து கால்வாய். நவம்பர் 1 பகுதி சபாவுல (எங்க பகுதி மக்கள் கூடிப் பேசற கூட்டம்) அதைப் பத்திக் கேட்டேன். மழைநீர் இணைப்பையும் கழிவுநீர் இணைப்பையும் வீடு வீடாப் பிரிச்சுக் கணக்கெடுக்கணும்னு சொன்னேன். "ஆள் இல்லை"ன்னாங்க. அப்போ நாமளே எடுப்போம். கால்வாய் ஓரத்துல குடியிருக்கிறவங்க, கடை வெச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, உங்க கட்டடத்துல இருந்து எத்தனை குழாய் அதுல விழுது, எது மழைத் தண்ணி, எது சமையலறை, எது கழிப்பறைன்னு எழுதுங்க. கடை பேரோ வீட்டு நம்பரோ வேணாம், கால்வாய்க்கு எந்தப் பக்கம், எந்தப் பாலத்துக்கும் எந்தப் பாலத்துக்கும் நடுவுலன்னு மட்டும் போதும். டிசம்பர் மாச முடிவுல எல்லாத்தையும் ஒரே வரைபடத்துல குறிச்சு எடுத்துக்கிட்டுப் போறேன்.